தெளிந்த நீரும் தூய நீரும்

1892-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களின் நடுவில், வடசெருமனியின் பெருந்துறைமுக நகரான ஆம்பர்க்கில் காலரா நோய் தோன்றியது. அவ்வாண்டுக் கோடை கடுமையானது. எல்பே ஆறு வற்றி, வெதுவெதுப்பேறி, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. துறைமுகப் பகுதியில் முதலில் தென்பட்ட நோய், ஓரிரு கிழமைகளுக்குள் நகரின் எல்லாப் பகுதிகளிலும் புகுந்தது. இலையுதிர்காலத்தில் அது அடங்கியபோது ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 8,600 பேர் மாண்டிருந்தனர். வணிகச் செல்வத்தில் ஐரோப்பாவின் முன்வரிசையில் நின்ற நகரத்துக்கு நேர்ந்த கதி இது.

ஆம்பர்க்கின் மேற்கெல்லையை ஒட்டி ஆல்டோனா என்னும் மற்றொரு நகரம் இருந்தது. அன்று அது பிரசிய அரசுக்கு உட்பட்டது. இரண்டுக்கும் இடையே மதிலும் இல்லை, வயலும் இல்லை. எல்லைத் தெருவின் ஒரு சிறகு ஆம்பர்க்கைச் சேர்ந்தது, மறு சிறகு ஆல்டோனாவைச் சேர்ந்தது. இரு சிறகிலும் வீசிய காற்று ஒன்று, மண் ஒன்று, குடியிருந்த மக்களின் தொழிலும் வறுமையும் ஒன்று. ஆயினும் ஆம்பர்க்கின் சிறகில் நோய் தலைவிரித்தாடியது. எதிர்ச் சிறகு ஏறத்தாழ நோயின்றி இருந்தது. இதனினும் வலிய சான்று ஒன்றும் கிடைத்தது. ஆம்பர்க்கின் எல்லைக்குள்ளேயே அமைந்த ஒரு குடியிருப்புக்கு ஆல்டோனாவின் குழாய்நீர் வந்துகொண்டிருந்தது. அங்கு வாழ்ந்த சில நூறு பேரில் ஒருவரையும் காலரா தீண்டவில்லை. சுற்றியிருந்த தெருக்களிலோ சாவு ஓயவில்லை.

இரு நகரங்களும் குடித்தது ஒரே எல்பே ஆற்றின் நீர்தான். ஆம்பர்க்கு தன் நீரை ஆற்றின் மேற்புறத்தில், ஊருக்குள் நுழையுமுன் எடுத்தது. ஆல்டோனாவோ கீழ்ப்புறத்தில், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆம்பர்க்கு மக்களின் கழிவெல்லாம் கலந்த பின்னர் எடுத்தது. அழிந்திருக்க வேண்டிய நகரம் ஆல்டோனாதான். அது பிழைத்ததற்குக் காரணம், பிளாங்கெனேசே மேட்டில் 1859 முதல் இயங்கிவந்த மணல் வடிப்படுகைகள். அந்நகருக்குச் சென்ற நீர் அனைத்தும் மணலூடே கசிந்து இறங்கிய நீர்.

ஆம்பர்க்கின் நீர்நிலையம் 1842-இல் நகரை எரித்த பெருந்தீக்குப் பின் வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் அமைத்தது. ஆற்றுநீர் தொட்டிகளில் சிறிது தங்கி, வண்டல் படிந்தபின், அப்படியே குழாய்களுக்குள் சென்றது. கடலேற்றத்தின்போது எல்பே பின்னோக்கிப் பாயும். அப்போது நகரின் சாக்கடைநீர் நீரெடுக்கும் துறைவரை ஏறிவிடும். வடிப்படுகை வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக எழுந்துகொண்டேயிருந்தது. செலவை யார் ஏற்பது என்னும் வழக்கில் நகர மன்றத்தார் காலத்தைக் கழித்தனர். ஒருவாறு முடிவெடுத்துக் கட்டத் தொடங்கியிருந்த வேளையில்தான் கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆம்பர்க்கின் மணற்படுகைகள் இயங்கத் தொடங்கின. ஓராண்டு முன்னரே அவை இயங்கியிருந்தால் மாண்டவருள் மிகப் பலர் பிழைத்திருப்பர். நீர்வழங்கலில் காலந்தாழ்த்துதல் எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வரலாற்றில் அரிது.

நோய் மூண்டவுடன் பெர்லினிலிருந்து அனுப்பப்பட்டவர் இராபர்ட்டு கோக். காலராவை உண்டாக்கும் வளைந்த நுண்ணுயிரை 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் அவரே. அந்நகரின் குளத்து நீரிலும் அந்நுண்ணுயிரை அவர் கண்டிருந்தார். எனினும் 1892 வரை அவர் கொள்கையை எல்லாரும் ஏற்கவில்லை. மண்ணிலிருந்து எழும் நச்சாவியே நோய்க்கு முதற்காரணம் என்ற கருத்து வலிமையோடு இருந்தது. மியூனிக்கு நகரின் முதுபெரும் அறிஞர் மாக்சு பெட்டன்கோபர், நுண்ணுயிர் மட்டும் நோய் தராது என்று நிறுவுவதற்காக, அவ்வாண்டு அக்டோபரில் காலரா நுண்ணுயிர் நிறைந்த நீரைத் தாமே குடித்தார். சிறு வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் துணிவைப் போற்றலாம், அவர் முடிவை ஏற்க இயலாது. எல்லைத் தெருவின் இரு சிறகுகளும் அளித்த விடை அதைவிடப் பெரியது. ஒரே மண்ணின்மீது நின்ற வீடுகளை நீர் மட்டுமே இரண்டாகப் பிரித்திருந்தது.

வெறும் மணல் இதை எவ்வாறு செய்தது? வடிகட்டி என்றால் துளையைவிடப் பெரியதைத் தடுத்து, சிறியதை விடுவது என்றே எண்ணுகிறோம். மணற்படுகையை அவ்வாறு விளக்கிவிட முடியாது. படுகையில் இடும் மணலின் பரு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வோம். பருக்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ நாற்பது மைக்குரான். ஒரு மைக்குரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலரா நுண்ணுயிரின் அகலம் ஒரு மைக்குரானுக்கும் குறைவு. நீளமும் மூன்று மைக்குரானைத் தாண்டாது. தேரோடும் வீதியில் ஓர் ஆள் நடந்துபோவது போல அது அவ்விடைவெளியில் புகுந்து போய்விடலாம். ஆயினும் போவதில்லை.

காரணம், மணலின்மீது வளரும் உயிர்ப்படலம். புதிய மணலில் சில நாள் நீர் நின்று இறங்கினால், மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய தோல் ஒன்று படரும். பாசிகள், நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் ஓரணு உயிரிகள், நுண்புழுக்கள் என ஒரு முழு உயிர்க்கூட்டமே அதில் வாழ்கிறது. நீரோடு வரும் நோய்நுண்ணுயிர் முதலில் அவ்வழுவழுப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் தப்பியது மணற்பருக்களின் வளைவுகளில் மோதி அவற்றின் பசைப்பூச்சில் சிக்குகிறது. சிக்கியதை ஓரணு உயிரிகள் உண்கின்றன; உண்ணப்படாதது உணவின்றி மடிகிறது. மனிதக் குடலின் வெப்பத்துக்கும் ஊட்டத்துக்கும் பழகிய நுண்ணுயிருக்கு அந்தக் குளிர்ந்த மணல் பகைப்புலம். ஆகவே மெதுமணல் வடிப்படுகையில் மணல் இடம் மட்டுமே தருகிறது. தூய்மைப்பணியைச் செய்வது அதில் குடியேறிய உயிர்கள்.

உயிர்கள் வேலை செய்ய நேரம் வேண்டும். நீர் மணிக்குப் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் அளவே இறங்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழ மணலைக் கடக்க அதற்குப் பல மணி நேரம் ஆகும். விரைவுபடுத்தினால் படலம் கிழியும். நாளடைவில் படலம் தடித்து நீர்வரத்துக் குறையும்போது, படுகையை வடித்து, மேல்மணலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுப்பர். சுரண்டிய பின் மீண்டும் படலம் முதிரும்வரை அப்படுகையின் நீரைக் குடிநீரில் சேர்த்தலாகாது.

இவ்வளவும் அறிந்து மனிதர் மணற்படுகை கட்டவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் வியப்பு. 1804-இல் இசுகாட்லாந்தின் பெயிசிலி நகரில் சான் கிப் என்பவர் தம் துணிவெளுப்புத் தொழிலுக்குத் தெளிந்த நீர் தேடி வடிப்படுகை அமைத்தார். மிஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். 1829-இல் சேம்சு சிம்சன் இலண்டனின் செல்சி நீர்நிலையத்தில் பெரிய மணற்படுகையைக் கட்டினார். 1852-ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கு வழங்கும் தேம்சு நீரை வடித்தே வழங்க வேண்டும் என்று விதித்தது. அனைவரும் நாடியது கண்ணுக்குத் தெரியும் தெளிவை மட்டுமே. நுண்ணுயிரை எண்ணும் முறையைக் கோக் கண்டுபிடித்த பின், 1885-இல் பெர்சி பிராங்குலாந்து இலண்டன் நீரை எண்ணிப் பார்த்தார். வடித்த நீரில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மறைந்திருப்பதைக் கண்ட பின்னரே, மணல் செய்துவந்த பேருதவி உலகுக்குத் தெரிந்தது.

சென்னைக்கு இந்த அறிவு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1872 முதல் செங்குன்றத்துப் புழல் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியே, வடிக்கப்படாமலே, கீழ்ப்பாக்கம் வந்து நகருக்குள் சென்றது. பொறியாளர் மேட்லியின் திட்டப்படி 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிப்படுகைகளும் நீரேற்று நிலையமும் தொடங்கப்பட்டன. தியாகராயநகரில் மேட்லி சாலை வழியே செல்வோர் அப்பெயருக்கு உரியவரை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆல்டோனாவின் வெற்றியோடு கதையை நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 1893-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதே ஆல்டோனாவில் காலரா எழுந்தது. கோக் ஆராய்ந்தார். கடுங்குளிரில் ஒரு வடிப்படுகையைத் துப்புரவு செய்தபோது மணலின் மேற்பரப்பு உறைந்துவிட்டிருந்தது. அதன் வழியே சென்ற நீர் சரிவர வடியவில்லை. பல படுகைகளுள் ஒன்று பழுதுபட்டதே நோய்க்கு வாயிலாயிற்று. இதன்பின் கோக் ஒரு நெறியை வகுத்தார். நீர் மணிக்கு நூறு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது. ஒவ்வொரு படுகையிலிருந்தும் வரும் நீரை நாள்தோறும் தனித்தனியே ஆராய வேண்டும். ஒரு மில்லி இலிட்டர் நீரில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணுயிர்கள் வளருமாயின் அந்நீரை விலக்க வேண்டும். வடிப்பானைக் கட்டியதைவிட இந்த நெறியை வகுத்ததே பெரிய அறிவியற்பணி என்பது என் கருத்து. படலம் முதிர்ந்த புதிதில் எல்லா வடிப்பானும் நன்றாகவே இயங்கும். ஆயிரமாவது நாளில் அது இயங்குகிறதா என்று பார்ப்பவர் வேண்டும்.

சரியாக நூறாண்டு கழித்து, 1993-ஆம் ஆண்டு இளவேனிலில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. அங்கு மிச்சிகன் ஏரியின் நீரில் குளோரினும் இட்டனர், மணலிலும் வடித்தனர். ஒரு நிலையத்தின் வடிப்பு சில நாள் தளர்ந்தது. வெளிவந்த நீரின் கலங்கல் அளவு கூடியது. கிரிப்டோசுபோரிடியம் என்னும் ஓரணு உயிரியின் நான்கைந்து மைக்குரான் அளவுள்ள உறைமுட்டைகள் அதனூடே தப்பின. அவற்றின் தடித்த ஓட்டைக் குளோரின் துளைப்பதில்லை. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் நோயுற்றனர். குளோரின் இருக்க வடிப்பான் எதற்கு என்று கேட்போர்க்கு மில்வாக்கி விடையளித்திருக்கிறது. மருந்துக்கு மடியாத உயிர்களைத் தடுத்து நிறுத்துவது வடிப்புதான்.

மில்வாக்கியில் இயங்கியது விரைமணல் வடிப்பு. இன்றைய பெருநகர நிலையங்கள் பலவும் அவ்வகையினவே. மெதுமணல் படுகைக்குப் பரந்த நிலம் வேண்டும்; விரைமணல் படுகையில் நீர் மணிக்கு ஐந்து முதல் பதினைந்து மீட்டர் வரை இறங்குவதால் சிறிய இடம் போதும். அந்த விரைவில் உயிர்ப்படலம் வளர வழியில்லை. அதற்கு ஈடாக நீரில் முன்னரே படிகாரம் கலக்கின்றனர். நீரில் மிதக்கும் களிமண் துகளும் நுண்ணுயிரும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் சேர்ந்து படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். படிகாரம் அம்மின்னேற்றத்தைத் தணிக்கிறது. துகள்கள் திரண்டு, திரளைகளாகிப் படிகின்றன. எஞ்சிய திரளைகளை மணல் பிடித்துக்கொள்கிறது.

தமிழர் இவ்வினையைத் தேற்றாங்கொட்டையால் செய்தனர். கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசி, கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், மண் அடியில் படிந்து நீர் தெளியும். கலித்தொகை இதை உவமையாக ஆளும் அளவுக்கு அது அன்று வீட்டு வழக்காக இருந்தது. முருங்கை விதையிலும் நேர்மின்னேற்றமுடைய புரதம் உண்டு; அதுவும் கலங்கலைத் திரட்டும். இந்த அறிவு பெருமைக்குரியது. ஆயினும் தெளிவித்தல் வேறு, தூய்மை செய்தல் வேறு. படிந்த மண்ணோடு நுண்ணுயிர்களில் ஒரு பங்கு கீழிறங்கும். மறுபங்கு தெளிந்த நீரிலேயே நிற்கும். தேற்றிய நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

பழைய வழக்கங்களுள் ஒன்றை இன்றைய அறிவியல் ஆராய்ந்து, எதிர்பாரா அளவுக்குப் பயனுள்ளதெனக் கண்ட நிகழ்வும் உண்டு. வங்கதேசத்து ஊர்களில் பெண்கள் புடவைத் துணியால் நீரை வடிப்பது வழக்கம். காலரா நுண்ணுயிர் அத்துணியின் கண்களில் எளிதில் புகும். ஆனால் குளங்களில் அது பெரும்பாலும் தனித்து வாழ்வதில்லை. துடுப்புக்காலிகள் என்னும் சிற்றுயிரிகளின் உடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கிறது என்று அமெரிக்க அறிஞர் இரீட்டா கோல்வெல் காட்டினார். துடுப்புக்காலி ஒரு மில்லிமீட்டர் அளவினது, துணியில் நிற்கும். பலமுறை துவைத்த பழம்புடவையில் நூல்கள் நைந்து விரிந்திருப்பதால், அதை நான்காக மடித்தால் கண் இருபது மைக்குரான் அளவுக்குச் சுருங்குகிறது. புதுப்புடவைக்கு அந்தத் திறன் இல்லை. மத்லப் வட்டாரத்தில் 65 ஊர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. புடவையால் வடித்துக் குடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. வேறு நல்ல நீருக்கு வழியில்லாத ஏழை வீட்டுக்கு ஒரு பழந்துணி தரும் காப்பு இது.

நரம்புச் சிலந்தி என்னும் புழுநோயை விரட்டியதிலும் துணிக்குப் பெரும்பங்கு உண்டு. அப்புழுவின் இளவுயிரும் துடுப்புக்காலிக்குள்ளேயே தங்கி, நீரோடு மனித உடலில் புகுகிறது. அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணற்று நீரைத் துணியால் வடிக்கவும், புண்ணுள்ள காலை நீரில் வைக்காதிருக்கவும் ஊர்தோறும் மக்களுக்குக் கற்பித்தனர். இந்தியாவில் 1996-க்குப் பின் அந்நோய் இல்லை. 2000-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவுக்கு நற்சான்று அளித்தது. 1986-இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வாட்டிய நோய், இன்று ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே காணப்படுகிறது.

வீட்டு வடிப்பான்களுக்கு வருவோம். இரண்டு அடுக்குக் கலத்தில் வெண்ணிறப் பீங்கான் குழல் பொருத்திய வடிப்பான் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. கேண்டில் என்றே அதைச் சொல்வர். அதன் முன்னோடி, 1884-இல் பாரிசில் பாசுடரின் ஆய்வகத்தில் சார்லசு சாம்பர்லான் உருவாக்கிய மெருகிடாத பீங்கான் குழல். அதன் துளைகள் நுண்ணுயிரைவிடச் சிறியவை. 1892-இல், ஆம்பர்க்கு அல்லலுற்ற அதே ஆண்டில், உருசிய அறிஞர் இவானவ்சுக்கி நோயுற்ற புகையிலைச் சாற்றை இக்குழலில் வடித்தார். வடித்த சாறும் நோய் பரப்பியது. நச்சுயிரி என்னும் புத்துலகம் இவ்வாறு வடிப்பானின் எல்லையில் கண்டறியப்பட்டது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் நீர்வழி நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர்; அது கேண்டிலில் நிற்காது. நுண்ணுயிரையும் உறைமுட்டையையும் நல்ல கேண்டில் தடுக்கும். நச்சுயிரிக்குக் கொதிநீரோ, குளோரினோ, புற ஊதாக் கதிரோ, அல்லது ஒரு மைக்குரானில் நூற்றில் ஒரு பங்கே துளையுள்ள மிகைநுண் வடிசவ்வோ வேண்டும். புற ஊதாக் கதிர் கலங்கல் நீரில் ஊடுருவாது என்பதால் அதற்கும் முன்னே ஒரு வடிப்பு வேண்டும்.

இதுவரை சொன்னவை நீரில் மிதப்பவை பற்றியன. கரைந்திருப்பவை வேறு வகைக் கேடு. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பாறைகளில் புளூரைடு மிகுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் அப்பாறைகளில் நெடுநாள் தங்கி அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இலிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக்கறை படியும்; மிகுந்து நீடித்தால் எலும்பு இறுகி, மூட்டு மடங்காது. அந்நீர் பளிங்காக இருக்கும், சுவையிலும் குறை தெரியாது. மணலோ பீங்கானோ புற ஊதாக் கதிரோ அதைத் தொடா. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிப் புளூரைடின் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளூரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறை இந்தியாவில் உருவானது. தருமபுரி, கிருட்டிணகிரிக்கு இறுதியில் வந்த தீர்வு காவிரி நீர்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. நஞ்சற்ற நீர் அருகில் கிடைக்குமாயின் அதைக் கொண்டுவருவதே எந்த வடிப்பானிலும் சிறந்த வழி.

வங்கதேசத்துக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. குளத்துநீரின் கிருமிகளிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற நன்னோக்கத்தோடு இலட்சக்கணக்கான அடிகுழாய்களை நாடெங்கும் இறக்கினர். கிருமி குறைந்தது. 1990-களில்தான் அந்நிலத்தடி நீரில் ஆர்சனிக்கு நஞ்சு கரைந்திருப்பது வெளிப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் பல்லாண்டு அதைக் குடித்துவிட்டிருந்தனர். இரும்பின் துருவுக்கு ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. அதைப் பயன்படுத்தி, மின்சாரம் வேண்டாத வாளி வடிப்பானை அபுல் உசாம் என்னும் வேதியியலார் வகுத்தார்; 2007-இல் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப்பின் குழுவும் இரும்பு ஆக்சைடு நுண்பொருளால் ஆர்சனிக்கு நீக்கும் வடிப்பானை உருவாக்கி ஊர்களில் நிறுவியிருக்கிறது.

கரைந்த உப்பை நீக்க எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும், ஆர்.ஓ. என்று எல்லாரும் சொல்வது இதுவே. உப்புநீரை மிகுந்த அழுத்தத்தில் ஒரு சவ்வின்மீது தள்ளினால் நீர் மட்டும் மறுபுறம் கடக்கும், உப்பு நின்றுவிடும். முன்பிருந்த சவ்வுகளில் நீர் துளித்துளியாகவே கசிந்தது. கலிபோர்னியாவில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராசனும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுவகைச் சவ்வு ஒன்றை உருவாக்கினர். உப்பைத் தடுக்கும் மேற்படலம் மிக மெல்லியது. அதைத் தாங்கும் அடிப்படலம் துளைகள் நிறைந்தது. அதனால் நீர் பலமடங்கு விரைவாகக் கடந்தது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கிய நிலையங்கள் அவர்கள் கண்டுபிடிப்பின் வழிவந்தவை.

கடல்நீருக்கும் உவர்நீருக்கும் உரிய அக்கருவியை, உப்பு குறைந்த ஆற்றுநீர் வரும் வீடுகளிலும் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. வீட்டுக் கருவி ஒரு குடம் நீர் தருவதற்குள் இரண்டு மூன்று குடத்தைக் கழிவாக வெளியேற்றுகிறது. கோடையில் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் தெருக்களில் இது பெருங்கேடு. கரைந்த உப்பு இலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த நீருக்கு இக்கருவி வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியதும் இக்காரணம் பற்றியே. குழாய்நீரின் குளோரின் வாடையும் பூச்சிக்கொல்லி எச்சமும் போகவேண்டுமாயின் செயலூட்டிய கரி போதும். அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் ஐந்நூறு சதுர மீட்டரைக் கடக்கும். அப்பரப்பில் அவை ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு நிறைந்தபின் கரி பயனற்றது. காலம் கடந்த ஈரக்கரி நுண்ணுயிர் பெருகும் இடமாகவும் மாறிவிடும்.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 220 கோடி மக்களுக்கு முறையாகப் பேணப்படும் குடிநீர் எட்டவில்லை. அவர்களுட் பலருக்கு வீட்டு வடிப்பான் உயிர்க்காப்பு. ஆயினும் ஒவ்வொரு வீடும் தன் நீரைத் தானே தூய்மை செய்துகொள்ளட்டும் என்று ஊராட்சிகள் ஒதுங்குவது ஆம்பர்க்கின் பிழையையே திரும்பச் செய்வதாகும். ஆல்டோனாவில் ஏழையும் செல்வரும் ஒரே படுகையின் நீரைக் குடித்தனர். அதனால்தான் இருவரும் பிழைத்தனர்.

வடிப்பான் வாங்குமுன் உங்கள் நீரில் என்ன இருக்கிறது என்று அறியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. சிறு கட்டணத்துக்கு நீரை ஆய்ந்து தருகின்றன. வேதி ஆய்வுக்கு ஒரு புட்டியும், நுண்ணுயிர் ஆய்வுக்குக் கிருமி நீக்கிய தனிப் புட்டியும் வேண்டும். அறிக்கை கலங்கலையும் நுண்ணுயிரையும் காட்டினால் ஒரு வடிப்பான். உப்பையோ புளூரைடையோ காட்டினால் வேறொன்று. வாங்கிய வடிப்பானில் சவ்வையும் கரியையும் மாற்றவேண்டிய நாளை அதன்மீதே எழுதி ஒட்டுங்கள். கேண்டிலைத் தூய கையால் தேய்த்துக் கழுவுங்கள். கீறல் கண்டால் எறிந்துவிடுங்கள். வடித்த நீரைக் குழாய் வைத்த மூடிய கலத்தில் சேமியுங்கள், அதில் கை படவிடாதீர்கள். ஊர்மன்றம் கூடும்போது, மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், நீரை எப்போது ஆய்ந்தார்கள் என்று எழுந்து கேளுங்கள். அறிக்கையை ஊரார் காண ஒட்டச் சொல்லுங்கள்.